படிவத்தில் பிழை காட்டும் அசைவு: இதுவரை செய்து பார்த்தது

பெயர், 10 இலக்க மொபைல் எண், 6 இலக்கப் பின்கோடு என மூன்றே பெட்டிகள் உள்ள, இணையப் பக்கத்து முகவரிப் படிவம். முதல் சுற்றில், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் 'இன்வேலிட்' சூடோ கிளாஸுக்கு (தவறாக உள்ள பெட்டிகளைத் தானே பிடிக்கும் குறி) சிவப்பு பார்டர் கொடுத்ததும், பக்கம் திறக்கும்போதே மூன்றும் சிவந்து நின்றன. 'ரிக்வயர்டு' (கட்டாயம்) போட்ட பெட்டி காலியாக இருந்தாலே பிரவுசர் கணக்கில் அது தவறு. கை வைக்கும் முன்பே குற்றம் சொன்னால் நிரப்ப வந்தவருக்கு எரிச்சல்தான் வரும். 'யூசர்-இன்வேலிட்' இதற்காகவே வந்தது. 2023 இறுதியிலிருந்து குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ஓடுகிறது. எதையாவது அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போன பிறகோ, அனுப்பும் பட்டனை அழுத்திய பிறகோதான் அது பிடிக்கும்.

ஆனாலும் நாமே பெட்டிக்கு ஏற்றி இறக்கும் பெயர், அதாவது கிளாஸ், தேவைப்பட்டது. "இந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது" என்று சர்வர் சொல்வது பிரவுசருக்குத் தானாகத் தெரியாது. ஆகவே தொட்டது, பிழை, சரி என்று மூன்று கிளாஸ். தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஃபைல் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்குமான சேமிப்பு முறை) ஆக இருந்தால் சிஎஸ்எஸ் ஏற்கும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 'தொ'வில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகவும் வரலாம், தனித்தனியே இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, சிஎஸ்எஸ்ஸுக்கோ இவை வெவ்வேறு கிளாஸ். பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் எச்டிஎம்எல்லில் ஒரு விதமாகவும் சிஎஸ்எஸ்ஸில் இன்னொரு விதமாகவும் விழுந்தால் ஸ்டைல் ஏறவே ஏறாது. அதனால் 'தொட்டது' போய் 'பட்டது' வந்தது. ஒ, ஓ, ஔ குறி வரும் பெயர்களைத் தவிர்ப்பதே நல்லது.

பெட்டியை விட்டு வெளியேறும்போது 'பட்டது' ஏறும். அதற்குப் பிறகே 'பிழை'க்கு வேலை. ஒருமுறை பிழை ஏறிவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் மறுபடி சோதிக்க வேண்டும். பின்கோடின் 6ஆவது இலக்கம் விழுந்த கணமே சிவப்பு போய்விடும்.

பார்டரை 1 பிக்சலிலிருந்து 2 ஆக்கினால் கீழே உள்ளதெல்லாம் துள்ளும். பார்டரை அப்படியே விட்டு, உள்பக்க பாக்ஸ்-ஷேடோவாக (பெட்டி நிழல்) 1 பிக்சல் சேர்த்தால் எதுவும் நகராது. வெள்ளைமேல் சுத்தச் சிவப்பின் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) ஏறத்தாழ 4:1. சிறிய எழுத்துக்கு 4.5:1 வேண்டும். சற்று அடர்ந்த சிவப்பே பொருந்தும்.

அதிக நேரம் பிடித்தது, பிழையான பெட்டியின் குலுக்கல். இடம் வலமாக 4 பிக்சல், மொத்தம் 300 மில்லிசெகண்ட். 10 பிக்சல் போட்டால் அதட்டுவது போல இருக்கிறது. அனுப்பும் பட்டனை இரண்டாம் முறை அழுத்தியபோது குலுங்கவில்லை. கிளாஸ் ஏற்கெனவே இருப்பதால் அனிமேஷன் மறுபடி தொடங்காது. எடுத்துவிட்டு உடனே போட்டாலும் பிரவுசர் இரண்டையும் சேர்த்து ஒன்றும் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். நடுவில் பெட்டியின் ஆஃப்செட்வித்-ஐ (அகல அளவு) ஒருமுறை வாசித்தால் லேஅவுட் (இட அமைப்பு) கணக்கிடப்பட்டு, அனிமேஷன் புதிதாக ஓடும். 'அனிமேஷன்எண்ட்' நிகழ்வில் கிளாஸை நீக்குவது இன்னொரு வழி. ஆனால் தங்கள் கருவி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொன்னவர்களுக்காக அனிமேஷனை 'நன்' (எதுவுமில்லை) ஆக்கினால் அந்த நிகழ்வே வராது, கிளாஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே முதல் வழிதான் வைத்தது.

பிழைச் செய்தி விரிய, கிரிட் (கட்ட அமைப்பு) வரிசையின் உயரத்தை 0எஃப்ஆர் (இடத்தின் பங்கைக் குறிக்கும் அலகு) இலிருந்து 1எஃப்ஆர் ஆக, 180 மில்லிசெகண்ட். 'ஓவர்ஃப்ளோ ஹிடன்' (வெளியே வழிவதை மறைப்பது) உள்ள டிவ்விலேயே (எச்டிஎம்எல் கட்டம்) பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் மூடிய நிலையிலும் ஒரு கீற்று இடம் மிஞ்சும். பேடிங் அதற்குள் இன்னொரு டிவ்வுக்குப் போக வேண்டும்.

'பிழை' ஏறும் அதே வரியில் ஏரியா-இன்வேலிட் (திரைவாசிப்பானுக்குப் பிழையைச் சொல்லும் குறி) 'ட்ரூ' ஆகிறது. பிரவுசர் தானே நிரப்பிய (ஆட்டோஃபில்) பெட்டியில் குரோம் தன் நிறத்தைப் பூசிவிடுவதால் 'சரி'யின் வெளிர்பச்சைப் பின்னணி இன்னும் தெரியவில்லை. உள்பக்க ஷேடோவால் மூடிப் பார்ப்பது அடுத்த வேலை.