பட்டி விட்ட மாடும் இங்கிலீஸ் சொல்லும்

போன வருசம் எங்கட ஒபிஸில ஒரு பெரியவர் பென்சன் எடுத்துக்கொண்டு போகேக்க பிரியாவிடைக் கடிதம் இங்கிலீசில எழுதுற வேலை என்ர தலையில விழுந்தது. அந்தக் காலம் நான் ஃபோனில ஒரு சொல்லுப் பட்டியலை வைச்சுக்கொண்டு நாளைக்கு 10 சொல் எண்டு பாடமாக்கிக்கொண்டிருந்தனான், அதில "இகிறீஜியஸ்" எண்ட சொல்லுக்கு மற்றவையில இருந்து தனிச்சுத் தெரியிறது எண்டு கருத்துப் போட்டிருந்தது, உடன அதைத் தூக்கி அவற்ற சேவைக்கு முன்னால வைச்சிட்டன். அவர் வாசிச்சுப்போட்டு என்னைத் தனியக் கூப்பிட்டவர். "தம்பி, நீர் நல்ல மனசோட எழுதியிருக்கிறீர், ஆனா உந்தச் சொல்லை இப்ப படுமோசமான பிழையளுக்குத்தான் பாவிக்கிறவை" எண்டார். எனக்கு முகமெல்லாம் எரிஞ்சுபோச்சு. அவரே பேனையால அதை வெட்டி மேல வேற சொல்லு எழுதித் தந்தார், கோவமே இல்லை.

அண்டிரவு படுக்க முடியேல்ல. அந்தச் சொல்லு எங்க இருந்து வந்தது எண்டு தேடிப் பாத்தன். லத்தீனில "கிறெக்ஸ்" எண்டா மந்தை, முன்னால நிக்கிற "இ" வெளிய எண்ட கருத்து, அப்ப அது மந்தையை விட்டு வெளிய நிக்கிற மாடு. இங்கிலீசுக்கு வந்த 16ஆம் நூற்றாண்டில அது நல்ல கருத்திலதான் இருந்திருக்கு, பிறகுதான் கெட்டதுக்குத் திரும்பினது. எங்கட பக்கத்திலயும் பட்டியை விட்டுத் தனிய நிக்கிற மாடு ரெண்டு வகைதானே, ஒண்டு இது நல்ல நாம்பன் எண்டு நாங்களே பிரிச்சுக் கட்டுறது, மற்றது இரவில வேலியைப் பிரிச்சுக்கொண்டு வயலுக்க இறங்கிற கட்டாக்காலி. இகிறீஜியஸ் முதல் நாம்பனா இருந்து இப்ப கட்டாக்காலியாப் போச்சுது. இப்பிடி யோசிச்ச பிறகு அந்தச் சொல்லு எனக்கு மறக்கவே இல்லை. அதே மந்தையில இருந்து வந்ததுதான் "கிறிகேரியஸ்", பட்டியோட சேந்து திரியிற, ஆக்களோட கலகலப்பாப் பழகிற குணம்.

மாடு எண்டோடன இன்னொண்டு. காசு சம்பந்தப்பட்டதுக்கு "பெக்கூனியரி" எண்டு சொல்லுவினம், அதுவும் மாட்டுக்கான பழைய லத்தீன் சொல்லில இருந்து வந்ததுதான். திருக்குறளில கல்வியைப் பற்றின 400ஆவது குறளில "மாடல்ல மற்றையவை" எண்டு வருது, அங்க மாடு எண்டா செல்வம். எங்கயோ இருந்த லத்தீன்காரரும் எங்கட ஆக்களும் மாட்டைத்தான் சொத்தா எண்ணியிருக்கினம், இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில ஆராவது சொல்லித் தந்திருந்தா நான் இங்கிலீசுக்கு அவ்வளவு பயந்திருக்க மாட்டன்.

பிறகு சிறுபோகம், கோடையில செய்யிற நெல்லு, வந்தது. எங்கட வயல் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியில விளையிறது, கனகராயன் ஆறு கொண்டுவந்து குளத்தை நிரப்பினாத்தான் எங்களுக்குச் சிறுபோகம். முறைத் தண்ணிக்கு இரவு அப்பாவோட வரம்பில காவல் இருக்கேக்க நான் கொப்பியையும் கொண்டுபோறனான். ஒருநாள் மேல் வயல் மாமா மடையை அடைக்காமப் போட்டார் எண்டு அப்பாவுக்கும் அவருக்கும் கதை முத்திப்போச்சு, டோர்ச் லைட்டை அடிச்சு அடிச்சுக் கத்துகினம், நான் நடுவில மண்வெட்டியோட நிக்கிறன். அப்ப கொப்பியில கடைசியா எழுதியிருந்த சொல்லு "றைவல்", போட்டிக்கு நிக்கிற எதிராளி. லத்தீனில "றீவஸ்" எண்டா சின்ன ஓடை, றைவல் எண்டா முதல் கருத்தில ஒரே ஓடையில தண்ணி எடுக்கிற ரெண்டு பேர். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, உண்மையாச் சொல்லுறன். ஒண்டில இருந்து இன்னொண்டைப் பெறுறதுக்குச் சொல்லுற "டிறைவ்" (derive) எண்ட சொல்லும் அந்த ஓடையில இருந்துதான், பெரிய வாய்க்காலில இருந்து மடை வெட்டித் தண்ணியைப் பிரிச்சு எடுக்கிறது. விடிய மாமா தன்ர லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்து எங்கட வயல் மூலையை உழுது தந்தவர், ஒரே வாய்க்காலை விட்டு ரெண்டு பேரும் எங்க போறது.

உழவிலயும் ஒண்டு இருக்கு. காய்ச்சலில பிதற்றுறதை "டிலீரியம்" எண்டுறது, கலப்பை சாலை விட்டு விலகிப் போறதுதான் அதின்ர முதல் கருத்து. அப்பாட்ட சொன்னன், கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு "மாடு மிரண்டா அப்பிடித்தான் இழுக்கும்" எண்டார்.

ஆனா அவரைத் தொட்ட சொல்லு "ட்ரிபியுலேஷன்". பெரிய துன்பத்துக்குச் சொல்லுறது. லத்தீனில "ட்ரிபியுலம்" எண்டா அடியில கூரான கல்லோ இரும்போ வைச்ச பலகை, அதை இழுத்துக் கதிருகளை நசுக்கித் தானியத்தைப் பிரிக்கிறது, எங்கட சூடு மிதிக்கிற வேலைதான். 2008 கடைசியில சண்டை கிட்ட வர நாங்கள் கதிர் வர முந்தியே வயலை விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள். அப்பா சொன்னார், "அந்த வருசம் வயலில சூடு இல்லை, மிதிபட்டது நாங்கள்தான்." முகாமில சின்னப் பெடியனா நான் முதல் முதல் எழுத்துக்கூட்டிப் பழகின பெரிய இங்கிலீஸ் சொல்லுகளும் போர்டுகளில இருந்த "டிஸ்பிளேஸ்மெண்ட்"டும் "லைவ்லிஹுட்"டும்தான், இடப்பெயர்வும் வாழ்வாதாரமும், அதுகளுக்கு எனக்கு ஒரு பட்டியலும் தேவைப்படேல்ல.

எல்லாச் சொல்லும் வயலுக்கால வாறதில்லை, அதையும் சொல்லவேணும். வேரைத் தெரிஞ்சா மட்டும் காணாது எண்டதுக்கு என்ர கடிதமே சாட்சி, வேர் நல்லா இருந்தும் சொல்லு கெட்டுப்போயிருந்தது. அதால இப்ப ஒரு சொல்லை எழுதினா அது எந்தச் சொல்லோட சேந்து வருது எண்டும் பேப்பரில ஒரு வசனம் தேடி எடுத்துப் பக்கத்தில எழுதுறன், இகிறீஜியஸுக்குப் பிறகு அனேகமா "எரர்"தான் வரும். ஒரு நாளைக்கு ரெண்டு சொல்லுதான், 10 இல்லை.

என்ர கொப்பியைப் பாத்திட்டு ஏ எல் படிக்கிற தங்கச்சியும் இப்ப ஒண்டு துவங்கியிருக்கிறாள். போன கிழமை "அனிகட்" எண்ட சொல்லைக் கண்டு, ஆத்துக்குக் குறுக்க கட்டுற கட்டு எண்டு கருத்தையும் எழுதிப்போட்டு, இது லத்தீனோ கிரேக்கமோ எண்டு என்னட்டக் கேட்டாள். குசினிக்குள்ள தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்த அப்பாதான் பதில் சொன்னது, "பிள்ளை, ஒருக்காச் சத்தமாச் சொல்லிப் பார், அது அணைக்கட்டெல்லோ." அவள் ரெண்டு தரம் சொல்லிப் பாத்தாள். பிறகு மூலமொழி எண்ட இடத்தில "தமிழ்" எண்டு எழுதி அடியில கோடும் போட்டாள்.