அல்டெஸ்ஸா தேடுற தம்பிமாருக்கு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் டொயோட்டா அல்டெஸ்ஸா ஆர்.எஸ்.200 கார் விசாரிக்கிறவங்க கூடிட்டாங்க. பின்சக்கர இழுவை, 6 கியர் மேனுவல், 2 லீட்டர் 3எஸ்-ஜிஇ எஞ்சினில 210 குதிரைவலு. 2005ல தயாரிப்பு நின்டது. 2025ல கார் இறக்குமதி திறந்தாலும் இந்த வயசுக் காரைக் கொண்டுவர ஏலாது. உள்ளதுதான் கைமாறும், விலையும் அதுக்கேத்த மாதிரித்தான்.

பின்னால ஒட்டின பேட்ஜை நம்பாதீங்க. சேசிஸ் நம்பர் எஸ்எக்ஸ்ஈ10 (SXE10) என்டு தொடங்கணும். ஜிஎக்ஸ்ஈ10 (GXE10) என்டா அது ஏ.எஸ்.200, 6 சிலிண்டர், 160 குதிரைவலு. கெட்ட கார் இல்ல, ஆனா ஆர்.எஸ் விலை குடுக்காதீங்க. எஞ்சின் நம்பரையும் காரின்ட பதிவுப் புத்தகத்தோட ஒத்துப் பாருங்க.

முக்கியமா முன் லோவர் போல் ஜொயின்டைப் பாருங்க; கீழ் ஆர்மையும் சக்கரம் பூட்டுற நக்கிளையும் சேர்க்கிற உருண்டை மூட்டு அது. சக்கரத்தை ஜாக்கில தூக்கி, கீழ் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில லீவர் குடுத்து நெம்புங்க. மெல்லிசா 'டக்' என்டாலும் ரெண்டு பக்கமும் மாத்தணும். அது கழன்டா ஓட்டத்திலயே சக்கரம் மடிஞ்சு விழும்.

டைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா. வாட்டர் பம்பையும் அதோட மாத்துங்க, திரும்பக் கழட்டுற கூலி மிச்சம். எஞ்சின் கம்ப்ரெஷன் விகிதம் 11.5க்கு 1, கூடின அழுத்தம், அதனால 92 ஒக்டேன் பெற்றோல் வேணாம், 95 அடிங்க.

நம்மட வாவிக்கரை உப்புக்காத்துக்கு ஜாக் வைக்கிற விளிம்பும் பின் சக்கர ஆர்முகளைத் தாங்குற சட்டமான சப்ஃப்ரேமும்தான் முதல்ல துருப்பிடிக்கும். கார்பெட்டைத் தூக்கி சீட் போல்ட்டையும் பாருங்க. செம்மண் நிறத்தில துரு இருந்தா மாரி வெள்ளம் உள்ள ஏறியிருக்கலாம். அந்தக் காரை விட்டுட்டு வாங்க.