சாரணியர் நாட்குறிப்பு: அணித் தலைவி கையில்

2025 ஜனவரி 4, சனி

அணி பிரிப்பு. 24 பேர் இருந்தால் எட்டெட்டாக மூன்று அணி, இல்லையென்றால் ஆறாறாக நான்கு. பாரத சாரண சாரணியர் முறையில் ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்கும் பெண் வாயே திறக்காமல் வருடத்தை ஓட்டிவிடுவாள். வகுப்புவாரியாகப் பிரிப்பது பதிவேட்டுக்குத்தான் வசதி. ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் ஒரே அணியில் இருந்தால்தான் சொல்லித்தரவும் கேட்டுக்கொள்ளவும் ஆள் இருக்கும்.

முதல் மதிப்பெண் வாங்குகிறவளைத் தலைவியாக்கும் பழக்கம் வேண்டாம். அணியிடமே கேட்க வேண்டும். கணக்கு, பதிவேடு, முதலுதவிப் பெட்டி, கயிறும் சாமான்களும் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு பொறுப்பு. வேலை இல்லாத பெண் சீக்கிரமே வராமல் நின்றுவிடுவாள்.

ஜனவரி 18, சனி

கோர்ட் ஆஃப் ஹானர். அணித் தலைவிகள் கூடி அடுத்த மாத நிகழ்ச்சி, செலவு, ஒழுங்கு எல்லாம் முடிவு செய்யும் கூட்டம். கேப்டன், அதாவது சாரணியரை நடத்தும் டீச்சர், உட்காரலாம், ஆலோசனை சொல்லலாம். ஆனால் கடைசியில்தான் பேச வேண்டும். டீச்சர் முதலில் வாயைத் திறந்தால் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தே தலையாட்டுவார்கள். அப்புறம் எழுதப்படும் தீர்மானம் டீச்சருடையது. அவர்கள் எடுக்கும் முடிவு சுமாராக இருந்தாலும், ஆபத்து இல்லையென்றால் நடக்கவிட வேண்டும். ஒருமுறை மாற்றிவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாரும் மனதாரப் பேசமாட்டார்கள்.

பிப்ரவரி 1, சனி

சதுரக் கட்டு, அதாவது இரண்டு கம்புகளைக் குறுக்காக வைத்துக் கயிற்றால் கட்டுவது. மணிக்கட்டுப் பருமனில் இரண்டு மூங்கில், சுமார் 3 மீட்டர் சணல் கயிறு. நைலான் வேண்டாம், வழுக்கும்.

நிற்கும் கம்பில், குறுக்குக் கம்புக்குச் சற்றுக் கீழே, க்ளோவ் ஹிட்ச் (கயிற்றைக் கம்போடு பிணைக்கும் முடிச்சு) போட வேண்டும். மிஞ்சும் சிறு முனையை நீளக் கயிற்றோடு முறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று சுற்று: குறுக்குக் கம்பில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்கு வெளியே, நிற்கும் கம்பில் உள்ளே. அடுத்து, கம்புகளுக்கு நடுவே புகுந்து அந்தச் சுற்றுகளையே நெரிக்கும்படி இரண்டு சுற்று. குறுக்குக் கம்பில் க்ளோவ் ஹிட்ச்சோடு முடிக்கலாம். கட்டு ஆடுகிறது என்றால் பெரும்பாலும் அந்த நெரிப்புச் சுற்றில்தான் கோளாறு. ஒவ்வொரு சுற்றிலும் இழுத்து இறுக்காமல் கடைசியில் மட்டும் இழுத்தால் நிற்காது.

தலைவி சொல்லித்தரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றை வாங்கி அவளே கட்டிவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். வாயால் சொல்லிப் புரியவைப்பது கட்டுவதைவிடக் கடினம், அதனாலேயே அதுதான் பயிற்சி.

பிப்ரவரி 15, சனி

வெளிச் சமையல், எட்டுப் பேருக்கு. அரிசி 1 கிலோ, துவரம் பருப்பு கால் கிலோ, காய் ஒன்றேகால் கிலோ. பணத்தைத் தலைவியிடம் கொடுத்துவிட வேண்டும். சந்தைக்குப் போவது, சில்லறைக் கணக்கு எல்லாம் அணியின் பாடு. அடுப்பின் வாய் காற்று வரும் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் பக்கத்தில். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போகலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது.

இங்கே வரும் பெரிய சிக்கல் கருகிய சோறு இல்லை. வீட்டில் மூத்த பெண்ணாக வளர்ந்த தலைவி எல்லா வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்வாள், மற்றவர்கள் தட்டோடு காத்திருப்பார்கள். பொறுப்பு என்றால் தானே சுமப்பது என்றுதான் நம் வீடுகள் பெண்பிள்ளைக்குப் பழக்குகின்றன. யார் யார் என்ன செய்வது என்று தீ மூட்டும் முன்பே தாளில் எழுதி வாங்கினால் இது பெரும்பாலும் சரியாகும்.

பிப்ரவரி 22, சனி

சிந்தனை நாள், உலகச் சாரணியர் கொண்டாடும் நாள். சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் (1857), அவர் மனைவி ஓலேவ் (1889) இருவருக்கும் பிறந்த நாள் இதே தேதி. 1926இல் அமெரிக்காவில் நடந்த உலக மாநாட்டில் முடிவான நாள். விருந்தினர் உரையை ஐந்து நிமிடத்தில் நிறுத்திக்கொண்டு மீதியைப் பிள்ளைகளிடம் விடலாம். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களுக்கென்று கூட்டிய பேரணிக்குச் சிறுமிகள் தாங்களாகவே வந்து நின்று, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்கென்று சங்கம் பிறந்தது. இதை ஒரு பெண்ணே மேடையில் சொல்லட்டும். புனேயில் 1966 முதல் இயங்கும் ‘சங்கம்’ என்ற சாரணியர் உலக மையம் பற்றி இன்னொரு அணி படங்களோடு விளக்கலாம்.

அடுத்த கோர்ட் ஆஃப் ஹானரில் இன்றைய செலவுக் கணக்கை ஒவ்வொரு அணியும் ரசீதோடு ஒப்படைக்க வேண்டும்.