இரண்டு ரூபாய் மேசை

ஜூலை 6, 2025, ஞாயிறு

போக்கர் ஆடும் செயலியை இறக்கி, ஆதார் கொடுத்து, கணக்குத் திறந்தாச்சு. ஆதார் சரிபார்ப்பு இல்லாமல் தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆட முடியாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மேசையும் திறக்காது. அந்த விதி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் போன மாதம்தான் சொன்னது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. காலையில் தக்கலையில் கடை திறக்க வேண்டியவனுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் என்ன சீட்டு?

வாரம் 200 ரூபாய் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். “சாயாக் கணக்குல எழுதிக்கிடுங்க. அடுத்த வாரத்துப் பைசாவ இந்த வாரம் கேக்கப்பிடாது, சொல்லிட்டேன்” என்றாள் வீட்டுக்காரி. சரி. 200 போட்டால் 28 சதவீத ஜிஎஸ்டி போக 156 ரூபாய் 25 பைசாதான் மிச்சம். சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் முறை வைத்துப் போட வேண்டிய காசுக்குப் பிளைண்ட் என்று பெயர்: ஸ்மால் பிளைண்ட் 1 ரூபாய், பிக் பிளைண்ட் 2 ரூபாய். இந்தச் செயலியில் அதற்குக் கீழே மேசை கிடையாது.

ஜூலை 9, புதன்

மழை. கடையில் ஆள் இல்லை. மத்தியானம் கொஞ்ச நேரம் ஆடினேன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் நல்ல ஐந்துதான் உன் கை. விதிகளைப் படிக்க அரை மணி நேரம் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த கை இது. அதில் ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2. ராஜாவும் ராணியும் வெறும் சீட்டு. வலப்பக்கமாகச் சுற்றும் ஆட்டம் வேறு. இங்கே இடப்பக்கம் சுற்றுகிறது, ராஜா உண்மையிலேயே ராஜா. ஜாக்கியும் ஒன்பதும் வந்தால் மனசு துள்ளுகிறது. முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் அது தூக்கிப் போட வேண்டிய கை என்று விரலுக்குப் புரியவைப்பதே பெரும்பாடு.

(ஜிஎஸ்டியும் 28 சதவீதம். இந்த எண் நம்மை விடாது போல.)

ஜூலை 13, ஞாயிறு

குளச்சல் போனேன். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. வலைக் கூடத்தில் நாலு பேர் இருபத்தெட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், தோற்ற ஒருத்தன் காதில், தோற்றவருக்கு மாட்டிவிடும் குணுக்குத் தொங்கியது. என் கூட்டுக்காரனுக்குப் போனில் போக்கரைக் காட்டினேன். பத்து கை வந்ததில் எட்டை ஃபோல்டு செய்தேன். அவனுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மக்கா, கையில வந்த சீட்ட ஆடாமப் போட்டுட்டுப் போறதுக்கு எதுக்கு ஒரு விளையாட்டு?”

நியாயமான கேள்வி. இருபத்தெட்டில் எட்டுச் சீட்டு வந்தால் எட்டையும் ஆடித்தான் தீரணும், எதிரே கூட்டாளி வேறு இருக்கிறான். இங்கே கூட்டாளி இல்லை, கட்டாயமும் இல்லை. ஆடாமல் இருப்பதற்குக் காசே வாங்குவதில்லை, பிளைண்ட் போடும் முறை வரும்போது தவிர. அவனிடம் இதைச் சொன்னேன். “அப்பம் வீட்டுலயே இருந்துட்டாப் போச்சு” என்றான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. காற்றில் முற்றத்துத் தென்னை ஆடுகிற ஆட்டத்தில் நெட்வொர்க் வந்து வந்து போனது.

இரண்டு ஏஸ் வந்தது. 221 கைக்கு ஒருமுறை வரக்கூடிய சோடி. 6 ரூபாய்க்கு ரெய்ஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை உயர்த்தினேன். நாலு பேர் அதே தொகையைப் போட்டுக் கால் செய்துவிட்டார்கள்! பொதுச் சீட்டில் ஏழும் எட்டும் விழ, அந்த இரண்டையும் கையில் வைத்திருந்தவர் இரட்டைச் சோடியோடு அள்ளிக்கொண்டு போனார்.

கோபம் வந்தது. அப்புறம் கணக்கைப் பார்த்தேன். எந்தச் சீட்டு வைத்திருந்தாலும் சரி, எதிரே ஒரே ஆள் என்றால் ஏஸ் சோடி ஏறக்குறைய 85 சதவீதம் ஜெயிக்கும். எதிரே நாலு பேர் என்றால் அது 56-க்கு இறங்கிவிடும். இரண்டு ரூபாய் மேசையில் 6 ரூபாயைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. 12, 14 என்று வைத்தால்தான் கூட்டம் கலைகிறது. கலையாவிட்டாலும் மோசமில்லை, கேவலமான கையோடு கூடுதல் காசு போடுகிறார்கள், நீண்ட ஓட்டத்தில் அது நமக்குத்தான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அதிகாலையிலேயே கன்னியாகுமரி போய் அப்பாவுக்குத் தர்ப்பணம். முக்கடல் சங்கமத்தில் கால் வைக்க இடமில்லை. சீட்டைத் தொடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்று உருப்படியாக ஒன்று கற்றேன். கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) இரண்டு. பொதுவில் நாலு சீட்டு திறந்தாச்சு, அதில் ஆட்டின் இரண்டு. இன்னும் ஒரு ஆட்டின் விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து, அதாவது ஃப்ளஷ். மீதம் ஒன்பது ஆட்டின், நான் பார்க்காத சீட்டு 46. அதாவது நூற்றுக்கு இருபதைத் தொடவில்லை. நடுவில் சேர்ந்த பந்தயக் காசு (பாட்) 24 ரூபாய். எதிராளி 12 வைக்கிறார். நானும் 12 போட்டால் மொத்தம் 48, அதில் என் பங்கு கால்வாசி. நூற்றுக்கு இருபது கூட இல்லாத வாய்ப்புக்கு இருபத்தைந்து விலை. ஃபோல்டு. அதே ஆள் 6 வைத்திருந்தால் 36-க்கு 6, ஆறில் ஒரு பங்கு. அப்போது கண்ணை மூடிக்கொண்டு கால் செய்யலாம்.

பலசரக்குக் கடையில் மொத்த விலையும் சில்லறை விலையும் பார்க்கிறவனுக்கு இது புதுசே இல்லை. வருமா வராதா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, என்ன விலைக்கு என்று கேட்கணும். கடைசிச் சீட்டில் ஆட்டின்தான் விழுந்தது. விழட்டும்.

ஆகஸ்ட் 2, சனி

தடைக்காலம் முடிந்து கூட்டுக்காரன் கடலுக்குப் போயாச்சு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

யூடியூப்பில் பார்க்கிற வீடியோ எல்லாம் பிளஃப் (நல்ல கை இருப்பதாகக் காட்டி ஏமாற்றுவது) பற்றியே பேசுகிறது. நம் மேசையில் பிளஃப் செல்லாது. எதிராளி யோசித்தால்தானே ஏமாறுவார்? இவர்கள் கையில் ஒரு சின்னச் சோடி இருந்தால் கடைசி வரை விடமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல கை வந்தால் தயங்காமல் காசு வை, இல்லையென்றால் ஒதுங்கு. சலிப்பான ஆட்டம்தான், ஆனால் இந்த விலைக்கு இதுதான் சரியான ஆட்டம் என்று எனக்குப் படுகிறது. ஜெயித்த காசிலெல்லாம் செயலிக்காரர்கள் பிடிக்கும் ரேக் என்ற கமிஷனையும் சேர்த்துப் பார்த்தால், சின்ன மேசையில் நிறையக் கை ஆடுகிறவர் யாருக்காக ஆடுகிறார் என்பது விளங்கும்.

ஆகஸ்ட் 23, சனி

பண ஆட்டம் நின்றுவிட்டது. தடை மசோதா புதன்கிழமை மக்களவையிலும் வியாழக்கிழமை மாநிலங்களவையிலும் நிறைவேறியது, நேற்றுக் குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமா என்று வருஷக்கணக்காக நீதிமன்றங்களில் நடந்த வாதத்துக்கே இனி வேலையில்லை, பணம் வைத்து ஆன்லைனில் நடத்துவது எதுவானாலும் தடை. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவருக்குத்தான். மிச்சப் பணத்தை எடுக்கச் சொல்லிச் செய்தி வந்தது, எடுத்தேன். போட்டதை விடக் குறைவாகவே எடுத்ததால், ஜெயித்த பணத்துக்கான 30 சதவீத வரிக்கு வேலை வரவில்லை.

வீட்டில் கேட்டாள், “இனி அந்த இருநூறு?” அது சாயாவுக்கே திரும்பிப் போகட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காசில்லாமல், செயலி தரும் இலவசச் சிப்ஸில் (ஆட்ட வில்லைகளில்) ஆடிப் பார்த்தேன். முதல் கையிலேயே மூன்று பேர் இருந்ததை எல்லாம் வைத்து ஆல்-இன். இழக்க ஒன்றுமில்லாதவர்களிடம் கற்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஓணமும் மீலாது நபியும் ஒரே நாளில், கடை அடைப்பு. அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் போக்கர் சொல்லிக் கொடுத்தேன். ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. சின்னவள் வேகமாகப் பிடித்துக்கொண்டாள், நல்லாவே ஃபோல்டு செய்கிறாள்.

அத்தான் இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினார். பொதுச் சீட்டு ராஜா, 10, 7, 4, 2. என்னிடம் ராஜாவும் ராணியும். காட்டினேன். அவர் ஜாக்கியையும் ஒன்பதையும் பாயில் ஓங்கிப் போட்டுவிட்டுக் கொட்டைகளை வாரத் தொடங்கினார்.

“அத்தான், எனக்கு ராஜா சோடி. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல.”

“லேய் மக்கா, ஜாக்கியும் ஒம்பதும் இங்க கிடக்கு. ராஜா எங்கலே ஜெயிக்கும்?”

எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டைக் கலைக்கச் சொன்னார்.