மான் தின்ற ரிக்கெற்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் மூன்று தடவை தொலைபேசியில் பிடித்துவிட்டார். கிரிக்கெட் மட்ச், பரிசளிப்பு விழா, விடுதிப் பருப்புக்கறி எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். ஆகவே நான் எங்கள் சரித்திர மாஸ்டரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் தேவையில்லை. எழுபதுகளில் திருகோணமலையில் படித்தவர்களுக்கு வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையும் என்றாலே ஆள் யாரென்று தெரியும்.

பாடத்திட்டத்தில் யப்பானுக்கு இருந்தது சில பக்கங்கள்தான். 1853இல் அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல்கள், 1868இல் மெய்ஜி மீட்சி, பிறகு ருஷியாவோடு யுத்தம். மற்றப் பள்ளிக்கூடங்களில் இரண்டு கிழமையில் முடித்துவிடுவார்கள். எங்கள் மாஸ்டர் அதை ஒரு தவணை முழுக்க இழுத்தார். காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எங்கட தலையில குண்டு போட்டவன் ஆரெண்டு தெரியாமல் இருக்கலாமோடா?"

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. நான்கு நாள் முன்னர்தான், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்திருந்தது. வீட்டுக் கிணற்றடியில் வெட்டியிருந்த குழிக்குள் அப்பாவின் கால்களுக்கிடையில் இருந்துகொண்டு, சீனன்குடாப் பக்கம் எழும்பிய புகையைப் பார்த்தாராம். எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது என்பார். அதே காலையில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் அவர்கள் மூழ்கடித்தார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கோபப்படுவார் என்று நாங்கள் காத்திருந்தால், அவர் கரும்பலகையில் நாரா என்று எழுதினார்.

எட்டாம் நூற்றாண்டில் அதுதான் தலைநகரம். அரசன் பெயர் ஷோமு. வகுப்பு சும்மா இருக்குமா? அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சோமு அண்ணை. மாஸ்டரும் தடுக்கவில்லை, இரண்டாம் நாள் தானே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார். 735இலிருந்து 737 வரை நாட்டில் பெரியம்மை. அரண்மனையை ஆட்டிவைத்த புஜிவாரா குடும்பத்தின் நான்கு சகோதரர்களும் அந்த ஒரு நோயில் போனார்கள். பஞ்சம், பிறகு கலகம். 743இல் சோமு அண்ணை பெரிய புத்தரை வார்ப்பிக்கக் கட்டளையிட்டார். ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவனையும் விடுங்கள் என்று அந்தக் கட்டளையிலேயே இருக்கிறது. மாஸ்டர் இந்த இடத்தில் சோக்கைக் கீழே வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்ப்பார். கோணேசர் கோயில் 1963இல் திரும்பக் கட்டப்பட்டபோது ஊரார் கொடுத்ததை அவர் கண்டவர்.

அதற்குப் பிறகு எரிந்த கதை. 1180இல் தைரா குலத்துப் படை நாராவுக்கு வைத்த தீயில், அந்தப் புத்தர் இருந்த தோதைஜி கோயில் போனது. திரும்பக் கட்டினார்கள். 1567இல் இன்னொரு சண்டையில் திரும்பவும் எரிந்தது, புத்தரின் தலையும் விழுந்தது. தற்காலிகமாகப் போட்ட கூரையையும் 1610இல் புயல் கொண்டுபோனது. இப்போதுள்ள மண்டபம் முடிந்தது 1709இல். "கிட்டத்தட்ட நூறு வருசம் மனிசன் மழையில இருந்தவர். எங்கட கோணேசர் அதைவிடக் கனகாலம்" என்றார் மாஸ்டர். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தது எங்களுக்குப் பால்குடியிலிருந்து தெரிந்த கதை. 1950இல் கிணறு வெட்டும்போது வெண்கலத் திருமேனிகள் வெளிவந்ததும் தெரியும். ஆனால் உலகத்தில் இன்னொரு ஊருக்கும் இப்படி நடந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

மணி அடித்த பிறகு, குடையை எடுத்துக்கொண்டு, ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்: "அங்கயும் கோயில் வீதியில மான் நிக்குமாம்."

1985இல் நான் புலமைப்பரிசிலில் ஒசாகா போனேன். மொழி வகுப்பில் முதல் நாளே ஓர் ஆச்சரியம். எழுத்துகளை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைப்படுத்தியிருந்தார்கள். அந்த ஹ பழைய காலத்தில் ப என்று ஒலித்ததாம். அரிவரி வகுப்பில் மண்ணில் எழுதிய அதே ஒழுங்கு! பக்கத்துக் கதிரை பிரேசில்காரர் இரவிரவாகப் பாடமாக்க, நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். தமிழும் யப்பானிய மொழியும் உறவு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ எழுதிவந்த காலம் அது. யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர் அதை ஏற்கவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. எழுத்து வரிசைக்கு அந்த உறவு தேவையும் இல்லை. சமஸ்கிருத மந்திரங்களைப் படித்த பௌத்த பிக்குகளால் வந்த ஒழுங்கு அது. ஆனாலும் ஊரை விட்டு வந்தவனுக்கு அ, இ, உ கேட்டால் போதும்.

முதல் விடுமுறைக்கு நாரா போனேன். ஸ்டேசனிலிருந்து பத்து நிமிடம் நடந்திருப்பேன், தெருவைக் கடந்து ஒரு மான் வந்தது. எங்கள் திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்குமே, அதே அலட்சியம். கசுகா கோயிலின் தெய்வம் ஒன்று வெள்ளை மானில் ஏறி அந்த ஊருக்கு வந்ததாக ஐதீகம். அதனால் இவை தெய்வத்தின் ஆட்கள், விரட்டக்கூடாது. பிஸ்கட் வாங்கிக் கையில் வைத்திருந்தால் தலையைக் குனிந்து கும்பிடுகின்றன. நானும் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து இன்னொன்று பின்னால் வந்து, நான் பக்கற்றில் செருகியிருந்த ஒசாகா திரும்பும் ரிக்கெற்றை இழுத்துத் தின்றுவிட்டது. ஸ்டேசனில் இதை என்னுடைய மூன்று மாத யப்பானிய மொழியில் விளங்கப்படுத்த முயன்றதை இங்கே எழுதப்போவதில்லை. புது ரிக்கெற் வாங்கினேன்.

புத்தரின் முன்னால் நின்றபோது முதலில் பட்டது இருட்டு. பிறகு அந்தக் கை. ஏறக்குறைய பதினைந்து மீற்றர் உயர உருவம், ஆனால் பக்தர்கள் பார்ப்பது உள்ளங்கையைத்தான். தலை பிற்காலத்தது என்று நிறமே காட்டிக்கொடுக்கிறது. பீடத்துத் தாமரை இதழ்கள் போன்ற சில பகுதிகளில்தான் சோமு அண்ணையின் காலம் மிச்சம். 752இல் இந்த உருவத்துக்குக் கண் திறந்தவர் போதிசேனர், 736இல் கடல் கடந்து வந்த தென்னிந்தியப் பிக்கு. அவர் பிடித்த தூரிகையில் நீல நூற்கயிறு ஒன்றைக் கட்டி, கீழே நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். கண் திறந்தது எல்லாருடைய கையும்தான் என்று கணக்கு. அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்னும் இருக்கின்றன. நமது கோயில்களில் சிற்பாசாரி தனியே செய்யும் வேலையை ஊரே செய்த மாதிரி. மாஸ்டர் இதை ஏன் சொல்லாமல் விட்டார் என்று யோசித்தேன். தெரிந்திருந்தால் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்லியிருப்பார்.

யப்பானியருக்கு நம் நாட்டில் பிடித்த ஆள் ஜே.ஆர். ஜயவர்தன. 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், வெறுப்பு வெறுப்பால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, யப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று பேசியவர். நான் இலங்கை என்றதும் ஒரு முதியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அதற்கு நன்றி சொன்னார். அதே ஜே.ஆர். ஜனாதிபதியாக இருந்த 1983 ஜூலையில் கொழும்பில் நான் எங்கே ஒளித்திருந்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்தேன். அங்கே அது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அன்றிரவே மாஸ்டருக்கு எட்டுப் பக்கக் கடிதம். தீ, தூரிகை, கயிறு, போதிசேனர் எல்லாம் எழுதினேன். ரிக்கெற் கதையைக் கடைசியில் இரண்டு வரியில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து நீல வான்கடிதத்தில் பதில் வந்தது. புத்தரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாராவில் ஒவ்வோர் இலையுதிர் காலமும் மான்களின் கொம்பை வெட்டுவது உண்மையா, நோகாதா என்று கேட்டிருந்தார். பிறகு ஊர்ப் புதினம்: இங்கே ஊரடங்கு. இரவில் ஒருவரும் வெளியே போவதில்லை. மான்கள் மட்டும் கோட்டையிலிருந்து கடைத்தெருவரை நடந்து வந்து, பூட்டிய கடை வாசல்களில் வாழைப்பழத்தோல் பொறுக்கிக்கொண்டு திரும்பிப் போகின்றன. அவையிடம் ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்பதில்லை.