தாமதியாமல் தீவிரித்தேன்

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், 24-ஆம் வசனத்தைக் கடந்து செல்ல என்னால் முடியவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு அங்கே சொல்கிறார். அப்பாவின் வைத்தியச் செலவைப் பற்றிய பேச்சில், உறவினர்கள் எல்லோரும் இருக்கும்போதே, "நீ இதுவரை என்ன செய்தாய்?" என்று நான் என் தம்பியைக் கேட்டு அப்போது சில வாரங்கள் ஆகியிருந்தன. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அவன் பெயர் திரையில் தெரிந்தது. பிறகு, "இதைக் குறித்து ஜெபித்துவிட்டுப் பேசலாம்" என்று எண்ணி அதைக் கவிழ்த்து வைத்தேன். மீண்டும் எடுப்பதற்குள் 14 மாதங்கள் ஓடிவிட்டன.

அந்த மாதங்களில் நான் உண்மையாகவே ஜெபித்தேன். தம்பியின் மனதைக் கர்த்தர் ஆயத்தப்படுத்த வேண்டும் என்றும், ஏற்ற வேளையை எனக்குக் காட்ட வேண்டும் என்றும் கேட்டேன். ஆனால் போகச் சொன்னவரிடமே போகலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பது ஜெபமாகாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. விசுவாசிகளாகிய நமக்குள் கீழ்ப்படியாமை பெரும்பாலும் மறுப்பாக வருவதில்லை. பக்தியின் மொழியைப் பேசிக்கொண்டு, தவணை கேட்டே வருகிறது.

தாமதம் எனக்கும் தேவனுக்கும் இடையிலான காரியம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். வேதத்தைத் திரும்ப வாசித்தபோது, அதன் கிரயத்தை வேறொருவர் செலுத்துவதையே மறுபடியும் மறுபடியும் கண்டேன். யாத்திராகமம் 8-ஆம் அதிகாரத்தில் எகிப்தியரின் அடுப்புகளிலும் மாப்பிசைகிற தொட்டிகளிலும் தவளைகள் ஏறிக் கிடக்கின்றன. அவை நீங்கும்படி நான் எப்பொழுது விண்ணப்பம்பண்ண வேண்டும் என்று மோசே கேட்டபோது பார்வோன் சொன்ன பதில், "நாளைக்கு." அந்த ஒரு சொல்லால், அடுத்த வேளை மாவைப் பிசைய வேண்டிய ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் இன்னும் ஓர் இரவைத் தவளைகளோடு கழித்திருப்பாள். அப்போஸ்தலர் 24-இல் தேசாதிபதியான பேலிக்ஸ், நீதியையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பவுல் பேசக் கேட்டுப் பயமடைகிறான். ஆனாலும், "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். அதன் பிறகு பலமுறை அழைத்துப் பேசினான் என்றும், பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தான் என்றும் லூக்கா எழுதுகிறார். 2 வருஷம் கழித்து அவன் பதவியைவிட்டுப் போனபோதும் பவுல் காவலிலேயே இருந்தார்.

இதற்கு நேர்மாறாக, மரியாளின் புருஷனாகிய யோசேப்பைப் பற்றிச் சுவிசேஷம் சொல்வது மிகக் கொஞ்சம். அவன் பேசிய வார்த்தை ஒன்றுகூட அதில் பதிவாகவில்லை. எகிப்துக்கு ஓடிப்போ என்று சொப்பனத்தில் கேட்டவன், விடியட்டும் என்று இராமல், எழுந்து இரவிலேயே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டான் என்பது மட்டும் இருக்கிறது. ஏரோதின் கைக்கு அந்தப் பிள்ளை தப்பியது அந்த இரவுப் பயணத்தினால்தான். பிலிப்புவும் அப்படியே. சமாரியாவில் திரளான ஜனங்கள் அவனுக்குச் செவிகொடுத்திருக்க, எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தர வழிக்குப் போ என்று அவனுக்குச் சொல்லப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை. அங்கே ஓடுகிற இரதம் ஒன்றில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை விளங்காமல் வாசித்துக்கொண்டிருந்தான். பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான் என்று வாசிக்கிறோம். இரதம் ஒருவருக்காகவும் நிற்பதில்லை அல்லவா?

அவசரத்தை நான் கீழ்ப்படிதல் என்று சொல்லவில்லை. கில்காலில் தீர்க்கதரிசியாகிய சாமுவேலுக்காகக் காத்திருக்க வேண்டிய சவுல் ராஜா, ஜனங்கள் சிதறிப்போவதைக் கண்டு தானே பலியிட்டு, ராஜ்யத்தை இழந்தான். காத்திரு என்ற கட்டளை இருக்கையில் காத்திருப்பதே உடனடிக் கீழ்ப்படிதல். கேள்வி கேட்பதும் தாமதமாகாது. தமஸ்குவின் அனனியா, சபையைத் துன்பப்படுத்தினவனிடமா என்னை அனுப்புகிறீர் என்று பயத்தை மறைக்காமல் கேட்டான். பதிலைக் கேட்டதும் போய், பார்வையிழந்து 3 நாள் உண்ணாமலும் குடியாமலும் இருந்த, பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட அந்த மனிதன்மேல் கைகளை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்று அழைத்தான். என் கேள்விகளுக்கோ எந்தப் பதிலும் போதுமானதாக இருக்கவில்லை. பதிலை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தம்பியை அழைத்த நாளில் எனக்கு விசேஷமான உணர்வு எதுவும் உண்டாகவில்லை. "அன்று நான் கேட்டது தவறு, என்னை மன்னித்துவிடு" என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"அதே கேள்வியைத்தான் நானும் தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன் அண்ணா. அதனால்தான் அப்பாவைப் பார்க்க வருவதற்கே கூச்சமாக இருந்தது" என்றான்.

அப்பாவும் அந்த 14 மாதங்களாகக் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, தம்பி எங்களுக்கு முன்பே வந்து அவருடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே உறங்கிப்போயிருந்தார்.