பார்ட்-66 பரீட்சைகளை நான் எழுதிய விதம்

விமானப் பராமரிப்புப் பொறியியலாளர் லைசன்ஸுக்குப் படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைமார் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, கேள்வி வங்கி பிடிஎஃப் இருக்கா?" இருக்கிறது. எல்லாரிடமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி, யாரோ எப்போதோ குறித்த விடைகளுடன் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை மட்டும் மனப்பாடம் செய்து சில மொடியூல்களில், அதாவது பாடப் பகுதிகளில், சித்தியடைந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த லைசன்ஸ் நமக்குத் தருவது கையெழுத்து வைக்கிற உரிமையை. "இந்த விமானம் பறக்கலாம்" என்று ஒரு நாள் நாம் கையெழுத்துப் போடுவோம், அதை நம்பி முகம் தெரியாத மனிதர்கள் ஏறி உட்காருவார்கள். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். அதனால் எப்படிப் படித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. நான் எழுதியது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம், அதாவது ஈயாசா வகுத்த பார்ட்-66 முறை. நான் எடுத்தது பி1.1 பிரிவு. டர்பைன் (ஜெட், டர்போபுரொப்) எஞ்சின் விமானங்களின் உடலமைப்பு, எஞ்சின், இயந்திரத் தொகுதிகள் எல்லாம் இதில் வரும். ஏவியோனிக்ஸ், அதாவது விமானத்தின் இலத்திரனியல் கருவிகள் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு பி2. பி1.1க்கு 1 முதல் 10 வரையான மொடியூல்கள், அப்புறம் 11 (விமான உடலமைப்பும் தொகுதிகளும்), 15 (டர்பைன் எஞ்சின்), 17 (புரொபெல்லர்). எல்லாம் பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், பிழைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். சித்தியடைய 75 சதவீதம் வேண்டும். ஒரு வினாவுக்குச் சராசரியாக 75 செக்கன். நான் எழுதிய காலத்தில் 7, 9, 10ஆம் மொடியூல்களுக்குக் கட்டுரை வினாவும் இருந்தது.

75 சதவீதம் என்றால் என்னவென்று மொடியூல் 8இல்தான் உறைக்கும். அடிப்படைக் காற்றியக்கவியல், நான் எழுதியபோது மொத்தமே 20 வினாக்கள். ஐந்து பிழை விடலாம், ஆறாவது பிழை விட்டால் தோல்வி. சின்னப் பாடம், ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்று போனவர்கள்தான் இதில் அதிகம் விழுந்தார்கள். சித்தியடையாவிட்டால் சாதாரணமாக 90 நாள் காத்திருந்துதான் அதே மொடியூலை மறுபடி எழுதலாம்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம். இரத்மலானையில் வகுப்பு. புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் பாதி ஆங்கிலத்தில் பாதி சிங்களத்தில். தமிழ் மொழிமூலத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் இதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. உயர்தரத்துக்குப் படித்த கணிதமும் பௌதிகமும் 1ஆம், 2ஆம் மொடியூல்களுக்குத் தாராளமாகப் போதும். பழக வேண்டியது வினாவை வாசிக்கும் வேகம் ஒன்றைத்தான். கோட்டையிலிருந்து இரத்மலானைக்குப் போகிற காலை ரயிலில் புத்தகத்தின் ஒரு பக்கத்தை எடுத்து, வெள்ளவத்தை வருவதற்குள் வாசித்து, கல்கிசை வருவதற்குள் அதிலிருந்து நானே மூன்று வினா எழுதுவேன். வினாவை நாமே எழுதிப் பார்த்தால், பரீட்சைக்காரர் எந்தச் சொல்லில் கொக்கி போடுவார் என்பது பிடிபட்டுவிடும்.

எந்த வரிசையில் எழுதுவது என்பதில் பலர் அக்கறை காட்டுவதில்லை. வகுப்பில் எது முதலில் முடிகிறதோ அதை எழுதிவிடுகிறார்கள். நான் 1, 2 முடித்து உடனே 3க்குப் போனேன், அதில் படித்த மின்னியல் சூட்டோடு சூடாக இருக்கும்போது 4, 5 (இலத்திரனியலும் டிஜிட்டல் நுட்பமும்). பிறகு 6ஐயும் 7ஐயும் சேர்த்துப் படித்தேன். 8ஐ 11க்குக் கிட்டவாகவே வைத்துக்கொண்டேன். 15க்குப் போகும்போது பௌதிகம் மறந்துபோயிருந்தால் தொலைந்தோம், அதனால் 2ஆம் மொடியூல் குறிப்புக் கொப்பியைக் கடைசிவரை கையில் வைத்திருந்தேன். 10ஆம் மொடியூல் சட்டம். 1944 சிக்காகோ உடன்படிக்கையில் தொடங்கி எந்தப் பத்திரத்தில் யார் ஒப்பமிடலாம் என்பது வரை போகும். பொறுமையாக வாசித்தால் சரி, அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

6ம் 7ம்தான் இந்தத் தொழிலின் உயிர் என்பேன். மூலப்பொருள்கள், பூட்டுப் பொருள்கள், பராமரிப்பு நடைமுறை. எங்கள் அப்பா பஞ்சிகாவத்தையில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறார். போல்ட்டை விரலில் உருட்டிப் பார்த்தே "எட்டு மில்லி, ஒன்றேகால் நூல்" என்பார். அளந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு 6ஆம் மொடியூல் சொந்த ஊருக்குப் போவது போல இருந்தது. ரிவெட் எந்த உலோகக் கலவை என்பதைத் தலையில் உள்ள குறி சொல்லும்: சின்னப் பள்ளம் இருந்தால் ஏடி, மேடான இரண்டு கோடு இருந்தால் டிடி. டிடி ரிவெட்டைச் சூடாக்கிப் பதப்படுத்தி, அடிக்கும் வரை குளிரில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். பகுதி இலக்கத்தின் கடைசியில் 4-6 என்றிருந்தால் விட்டம் அங்குலத்தின் 32இல் 4 பங்கு, நீளம் 16இல் 6 பங்கு. இதையெல்லாம் புத்தகப் படத்தில் பார்ப்பதைவிடக் கையில் வைத்துப் பார்ப்பது நல்லது. இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய விமானங்களைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு போய், எங்கே உருண்டைத் தலை ரிவெட், எங்கே தோலோடு தோலாகப் படிந்த ரிவெட், ஏன் அந்த இடத்தில் அது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அன்று பார்த்தது ஒன்றும் பிறகு மறக்கவில்லை.

லொக்வயர் கட்டுவது இன்னொன்று. போல்ட் அதிர்வில் கழன்றுவிடாமல் இரண்டு போல்ட் தலைகளை மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவது. 0.032 அங்குலக் கம்பி என்றால் அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்குகிற திசைக்கே இழுக்க வேண்டும். எங்கள் சேர், நாங்கள் கம்பி கட்டிப் பழகிய தகட்டை எடுத்து, முறுக்கை நகத்தால் எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கம்பியில் பிளையர் பல் பட்ட கீறல் தெரிந்தால் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார். அந்தக் கீறலில்தான் கம்பி அறும். விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டு எரியும். ஆனால் பரீட்சையில் லொக்வயர் படம் வந்தபோது, விடை எது என்பதைக் கை முதலில் சொன்னது.

டோர்க் ரென்ச்சில், அதாவது குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் சாவியில், நீட்டுத் துண்டு போட்டு இறுக்கும் கணக்கு கட்டாயம் வரும். ரென்ச் 10 அங்குலம், அதே நேர்கோட்டில் 2.5 அங்குல நீட்டு, போல்ட்டுக்குத் தேவை 100 என்றால் ரென்ச்சில் வைக்க வேண்டியது 100 பெருக்கல் 10 வகுத்தல் 12.5, அதாவது 80. நீட்டு செங்கோணத்தில் இருந்தால் திருத்தம் தேவையில்லை. எங்களுக்குக் கால்குலேட்டர் கிடையாது. ஆகவே பின்னக் கணக்கைக் கையால் செய்து பழகுங்கள்.

9ஆம் மொடியூலை, மனிதக் காரணிகளை, கதைப் பாடம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆகப் பெரிய பாடம் அதுதான். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் எயார்வேஸ் 5390, பேர்மிங்ஹாமிலிருந்து மலகாவுக்குப் போன பிஏசி 1-11 விமானம். 17,000 அடிக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கப்டனின் உடம்பு பாதி வெளியே இழுபட்டது, பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்டனில் இறக்கினார். கப்டன் உயிர் பிழைத்தார். பறப்புக்குச் சுமார் 27 மணித்தியாலத்துக்கு முன், இரவுப் பணியில் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாட்டிய 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை, மிச்சம் 6 நீளம் குறைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துப் பொருத்தி எடுத்திருக்கிறார் அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர். பகுதி இலக்கப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கவில்லை. கழற்றிய போல்ட்டுகளில் பெரும்பாலானவையே சரியானவை அல்ல என்பது விசாரணையில் தெரிந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மனிதர் செய்ததைத்தான் அவர் தினமும் கடையில் செய்கிறார், கெட்டிக்காரத்தனமாகவும் செய்கிறார். பிறகு சொன்னார்: "நான் குடுக்கிற போல்ட் பிழைச்சா வேன் ரோட்டோரத்தில நிக்கும். உங்கட வேலையில கண்ண நம்பாத. புத்தகத்தப் பாத்து எடு." 9ஆம் மொடியூல் கட்டுரை வினாவுக்கு நான் எழுதியது பெரும்பாலும் இதுதான். இரவுப் பணியின் களைப்பு, பழக்கத்தில் வரும் அசட்டை, நேர நெருக்கடி என்று மனிதத் தவறுகளுக்கு கோர்டன் டூபோன்ட் தொகுத்த 12 காரணங்களையும் இந்த ஒரு சம்பவத்தோடு வைத்துப் பார்த்தால், பட்டியலைத் தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை.

2022 எங்களுக்குப் பொல்லாத ஆண்டு. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு, பிறகு பெட்ரோல் இல்லை, பஸ் இல்லை. அதைவிடப் பெரிய அடி கட்டணம். வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில். ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதமாகும்போது 360ஐத் தொட்டது. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் ஒரு மொடியூலுக்குக் கட்டினார். என்னோடு படித்த இரண்டு பேர் அந்த ஆண்டில் நிறுத்திவிட்டார்கள், இருவருமே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது. அவர்களில் யாராவது இதை வாசித்தால்: சித்தியடைந்த மொடியூல்கள் 10 ஆண்டுக்குச் செல்லும். இன்னும் நேரம் இருக்கிறது, திரும்பி வாருங்கள்.

கேள்வி வங்கிக்கு வருகிறேன். அதை எரித்துவிடச் சொல்லவில்லை. புத்தகத்தை முடித்த பிறகு, 75 செக்கன் வேகத்துக்குப் பழக அது உதவும். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒடுங்கும் குழாயில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். வங்கியில் இது பத்து இடத்தில் வரும், விடை கண்ணிலேயே ஒட்டிவிடும். பரீட்சையில் அதே வினா, ஒரேயொரு சொல் மட்டும் மாறி, ஒலியைவிட வேகமான காற்று என்று வந்தது. அப்போது எல்லாம் தலைகீழ்: வேகம் குறையும், அழுத்தம் கூடும். வெளியே வந்து பேசியபோது அந்தச் சொல்லையே பலர் பார்த்திருக்கவில்லை. நான் கெட்டிக்காரன் என்பதால் தப்பவில்லை. அந்தப் பாடத்தை நண்பன் ஒருவனுக்குக் கரும்பலகையில் வரைந்து சொல்லிக் கொடுத்திருந்தேன், அவன் "ஏன், ஏன்" என்று விடாமல் கேட்டிருந்தான். அப்படி ஒரு நண்பனைத் தேடிக்கொள்ளுங்கள்.

11ம் 15ம் மலை. நான் எழுதியபோது 11க்கு 140 வினாக்கள், 175 நிமிடம். 15க்கு 92 வினாக்கள், 115 நிமிடம். இவற்றில் அறிவோடு உடம்பும் தாங்க வேண்டும். வீட்டில் மூன்று மணித்தியாலம் எழும்பாமல் இருந்து எழுதிப் பழகினேன். ஹைட்ரோலிக், எரிபொருள், தரையிறங்கு சில்லு என்று ஒவ்வொரு தொகுதியையும் பெரிய தாளில் ஒரே படமாக வரைந்து, எந்த வால்வு பழுதானால் விமானி அறையில் எந்த விளக்கு எரியும் என்று விரலால் தொட்டுத் தொட்டுப் போவேன். சுவரில் இடமில்லாமல் அலுமாரிக் கதவிலும் ஒட்டினேன்.

பரீட்சை முடிந்தால் லைசன்ஸ் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈயாசா விதிப்படி பி1.1க்கு, அங்கீகாரம் பெற்ற பார்ட்-147 (பயிற்சி நிறுவனங்களுக்கான விதி) பாடநெறியை முழுதாக முடித்திருந்தால் 2 ஆண்டு, பொருத்தமான தொழிற்பயிற்சி பெற்றவராக இருந்தால் 3 ஆண்டு, இரண்டும் இல்லாவிட்டால் 5 ஆண்டு, சேவையில் உள்ள விமானங்களில் பராமரிப்பு வேலை செய்த அனுபவம் வேண்டும். செய்த வேலை ஒவ்வொன்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி ஒப்பம் வாங்க வேண்டும். எங்கள் காலத்தில் ஒரு நிறுவனம் "ஹேங்கர் பயிற்சி நிச்சயம்", அதாவது விமானக் கொட்டகையில் வேலை பழகலாம் என்று சொல்லிப் பணம் வாங்கியது, கடைசியில் கிடைத்தது சில கிழமைகள் ஓரமாக நின்று பார்த்தது மட்டும்தான். ஆகவே பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்: 147 அங்கீகாரம் யாருடையது, அது எந்தப் பிரிவுக்கு? எந்த ஹேங்கரோடு ஒப்பந்தம், எத்தனை மாதம்? என் பதிவுப் புத்தகத்தில் ஒப்பமிடப் போவது யார்? கட்டுநாயக்காவில் உள்ள சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்குப் போய் அங்கீகாரத்தைச் சரிபார்ப்பதற்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

பதிவுப் புத்தகத்தை அன்றன்றே எழுதுங்கள். விமானப் பதிவெண், வேலை அட்டை இலக்கம், செய்த வேலை, திகதி. மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் ஒப்பமிடுகிறவர் கேட்கிற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நான் இப்போது எயார்பஸ் ஏ320 விமான வகைக்கான டைப் கோர்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடிப்படை லைசன்ஸ் கையில் இருந்தாலும் அந்த விமான வகை அதில் ஏறும்வரை அதற்குக் கையெழுத்து வைக்க முடியாது. 15ஆம் மொடியூலுக்கு வரைந்த படங்களை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், டைப் கோர்ஸ் எஞ்சின் பகுதிக்கு அவைதான் உதவுகின்றன. அது முடிந்ததும் கேட்கிற தம்பி தங்கைமாருக்குத் தருகிறேன், கேள்வி வங்கியை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.